அப்பிரகம் தெளித்த தாள்கள்

முதல் நாள் கடைக்கு வந்து அவள் கேட்டது கடதாசி.

“கடுதாசியா? போஸ்ட் ஆபீஸ் அங்கன இருக்கு, ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல” என்று கையைக் காட்டினேன். எங்கள் பக்கம் கடுதாசி என்றால் தபாலில் வருகிற கடிதம்.

“இல்லை அக்கா, படம் கீறுற கடதாசி. தடிச்சது.”

சார்ட் தாளைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தேன். அவள் அதைச் சுருட்டவில்லை. கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும்படி மடித்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளை நின்றது.

அது தொண்ணூறாம் வருஷம். அக்கரையில் சண்டை மூண்டு, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் படகு படகாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் முகாம் நிறைந்து வழிந்தது. முகாமிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கடையில் வாங்குவது பெரும்பாலும் சோப்பு, சீப்பு, பிள்ளைகளுக்கு நோட்டு. படம் வரைய யாரும் தாள் கேட்டதில்லை. அதனால்தான் அவள் முகம் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் திரும்பி வந்தாள். அந்த ஒரே தாளில் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் செய்து கொண்டுவந்திருந்தாள். பனையோலை நறுக்கில் குடில், கிளிஞ்சல் துணுக்கில் வால்நட்சத்திரம், கிழிந்த சேலையின் ஜரிகையை நூல் நூலாகப் பிரித்து ஒட்டிய வைக்கோல். மன்னார்ப் பக்கம் கன்னியாஸ்திரி மடத்தில் சின்ன வயதில் பழகியதாம்.

“உங்கட கடையில தொங்கவிட ஏலுமோ அக்கா?”

கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தங்கச்சிமடத்துக்குப் போகிற பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் வாங்கிப் போனார்கள்.

நான் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மண்டபம் வந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிற நாட்களில் பகல் முழுவதும் கடையில் தனியாக இருப்பேன். அவள் அட்டைகளோடு வரத் தொடங்கிய பிறகு அந்த நாட்களை எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

அவள் கணவர் அக்கரையிலேயே இருந்துவிட்டார். வீட்டையும் இரண்டு மாடுகளையும் விட்டு வர மனமில்லாமல், இவர்களை மட்டும் படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். “பிறகு வாறன் எண்டவர்” என்று அவள் சொல்வாள். யார் கேட்டாலும் அதே மூன்று சொற்கள். அதற்கு மேல் ஒன்றும் இராது.

அட்டைகளில் அவளுக்குப் பிடிக்காத ஒன்று ஜிகினாத்தூள். நான் கடையில் விற்ற ஜிகினாவைப் பசை தடவித் தூவினால் பளபளக்கும். ஆனால் உறைக்குள் வைத்து எடுத்தால் பாதி கொட்டிப்போகும். வாங்கினவர்களின் கன்னத்திலும் சோற்றுத் தட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

“இது மேல கிடந்து மினுங்குது அக்கா. எனக்குக் கடதாசிக்கு உள்ளுக்கிருந்து மினுங்கவேணும்” என்றாள்.

“அதுக்கு என்னத்தச் செய்ய?”

“தெளிச்சுப் பாப்பம். சன்னமா, பனி மாதிரி.”

எதைத் தெளிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. என் நினைவுக்கு வந்தது காக்காப்பொன். சிறுவயதில் மண்ணில் பொறுக்கி விளையாடுவோம், கண்ணாடிபோல் ஏடு ஏடாக உரியும். ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் விசாரித்தேன். “அப்பிரகம்னு கேளும்மா” என்று கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

உரலில் இட்டு இடித்தோம். அது பொடியாவேனா என்கிறது. உலக்கைக்கு அடியில் வளைந்து வளைந்து கொடுத்தது. திரும்பப் போய்க் கடைக்காரரிடம் சொன்னதற்கு அவர் சிரித்தார். “இடிச்சா ஆகாதும்மா. நெல்லோட சேத்துக் கெட்டித் துணியில முடிஞ்சு, தண்ணிக்குள்ள வச்சுக் கசக்கணும். நெல்லு உமியே அத அராவிடும்.” நெல்லுக்கு என்ன பஞ்சம்? எங்கள் அய்யா வீட்டிலிருந்து வந்த மூட்டை பின்கட்டில் இருந்தது. கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து இரண்டு பேரும் கை சிவக்கக் கசக்கினோம். மறுநாள் தெளிந்த நீரை வடித்தபோது சட்டியின் அடியில் வெள்ளி வண்டல் படிந்திருந்தது. அவள் விரலால் தொட்டு மகளின் மூக்கு நுனியில் வைத்தாள். அந்தப் பிள்ளை நாள் முழுக்க மூக்கைத் துடைக்காமல் திரிந்தது.

பசைக்குக் கருவேலம் பிசின். எங்கள் மாவட்டத்தில் அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊறவைத்து வடிகட்டி வண்டலோடு கலந்தோம். தெளிக்க, வீட்டில் கிடந்த கொசு மருந்துப் பம்பு. சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் முதல் தாளில் மண்ணெண்ணெய்ப் பொட்டுகள் விழுந்தன. இரண்டாவது தாளுக்குள் துளை அடைத்துக்கொண்டது. ஸ்டவ் பின்னை விட்டுக் குத்தி எடுத்தேன். மூன்றாவது தாளை வெளியே வைத்து அடித்தபோது மண்டபத்துக் காற்று சும்மா விடுமா? மதுரையிலிருந்து சரக்கோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த என் வீட்டுக்காரரின் மீசையிலும் சட்டையிலும் அத்தனையும் போய்ப் படிந்தது.

“என்னங்கடி இது, என்னைய சாமியா ஆக்கிட்டீங்க” என்றார்.

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றும் நீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, தாளை அதற்குள் சாய்த்து வைத்துத் தெளித்தோம். பிசின் கூடினால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, எறும்பு வந்தது. குறைந்தால் அப்பிரகம் உதிர்ந்தது. பூசணம் பிடிக்காமலிருக்க, புத்தகம் பைண்டு செய்கிறவர் சொன்னபடி சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தோம். தாளுக்குச் சொட்டுநீலம் பூசி, ஈரம் காயுமுன் கல்லுப்பைத் தூவினால், உப்பு நீலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு வெள்ளைப் பூ விரிந்தது. அதன்மேல் அப்பிரகத்தைத் தெளித்தால் பார்க்கிறவர்கள் கை வைத்துத் தடவாமல் போகமாட்டார்கள். ஆனால் ஐப்பசி மழையில் அந்த அட்டைகளெல்லாம் நீர் கோத்துக் கசிந்தன. உப்பு உப்புதானே. ஒரு கட்டு முழுவதையும் கொட்டினோம்.

வலையை வைத்துத் தெளிப்பது அவள் கண்டுபிடித்தது. பாம்பன் கரையில் யாரோ எறிந்துவிட்ட நைலான் வலைத் துண்டைத் தாளின்மேல் இழுத்துக் கட்டிவிட்டுத் தெளித்து, வலையை எடுத்தால் தாள் முழுதும் மீன் செதில் நின்றது. சாய்த்துப் பிடித்தால் செதில் செதிலாக ஒளி ஓடும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்களால் செய்து மாளவில்லை.

பிள்ளையின் கை தாளில் பதிந்தது தற்செயலாக நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தாள் காற்றில் எழும்பாமல் இருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அவள் அம்மா கவனிக்காமல் பம்பை அடித்துவிட்டாள். கையை எடுத்தபோது, சுற்றிலும் மினுமினுப்பு, நடுவில் வெறும் தாளாக ஒரு சின்னக் கை. நான் தாளை எடுத்துக் கசக்கப் போனேன்.

“விடுங்கோ அக்கா” என்று பிடுங்கினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை அவருக்கு அனுப்பப் போறன். பிள்ளை எவ்வளவு வளந்திட்டா எண்டு தெரியும்தானே.”

அந்த நாட்களில் அக்கரைக்குத் தபாலை நம்ப முடியாது. திரும்பிப் போகிற யாராவது ஒருவரிடம் கொடுத்தனுப்புவாள். ஒவ்வொரு வருஷமும் மார்கழியில் ஒரு கை. நல்ல ஒன்று அமைய நாலைந்து தாள் வீணாகும். பிள்ளை அசைந்துவிடும், விரலிடுக்கில் பிசின் ஓடிவிடும். வீணானதைக் கடையில் ஒரு மூலையில் போட்டுவைப்போம். பதில் எதுவும் வரவில்லை. ஒரு தடவை மட்டும், போய்விட்டுத் திரும்ப ஓடிவந்த ஒருவர், வீட்டில் கூரை இல்லை, ஆளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்றார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த மார்கழியிலும் பிள்ளையின் கையைத் தாளில் வைத்துத் தெளித்தாள்.

இப்படியே பன்னிரண்டு வருஷங்கள். பிள்ளை பள்ளி முடிந்து நேரே கடைக்கு வருவாள். நான் சோறு போடுவேன், தலை வாரிவிடுவேன், கணக்குப் பாடம் சொல்லித்தருவேன். முகாமுக்குத் திரும்பும் நேரம் வந்தால் “போயிட்டு வாரேன் பெரியம்மா” என்பாள். அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. அவள் அம்மா “வாறன் எண்டு சொல்லு” என்று திருத்துவாள். எனக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம். அந்தப் பிள்ளை என்னைப் போலப் பேசுகிறது என்று.

அக்கரையில் சண்டை நின்றதாகச் செய்தி வந்தது. பலரும் ஊர் திரும்பப் பெயர் கொடுத்தார்கள். அவளும் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். அட்டைப்பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போ” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. பல வருஷமாக உள்ளே இருந்தது வெளியே வந்தது. “இங்கன காலேஜுல சேத்துவிடுறேன். நீ போயி நெலவரம் பாத்துட்டு வா.”

“நான் இருக்கேக்க பிள்ளையை விட்டிட்டு எப்பிடி அக்கா?”

“நான் என்ன வேத்தாளா?”

“அப்பிடிச் சொல்லேல்லை.”

“இல்லாத ஒருத்தனுக்காக, இருக்குற பிள்ளையத் தூக்கிட்டுப் போறியே.”

சொன்ன அந்த நொடியே திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அவள் எழுந்து, கையிலிருந்த பம்பைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு கடைக்கு வரவில்லை. நானும் முகாம் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பிள்ளை மட்டும் வந்தாள். பதினெட்டு வயது.

“ஒனக்குப் போக இஷ்டமா?” என்று கேட்டேன். அம்மா இழுத்துக்கொண்டு போகிறாள் என்று அவள் வாயால் கேட்க ஆசை.

“அப்பாவத் தேடணும் பெரியம்மா” என்றாள். “அம்மாவத் தனியா விடவும் கூடாது. பாவம்ல.”

என் வீட்டுக்காரர் அவளுக்குப் பேனாவும் நோட்டுகளும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். நான் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். பிறகு பாலர் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்ததாக எழுதினாள். அங்கே அப்பிரகம் கிடைக்காது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுரண்டி மாம்பிசினில் கலந்து, வலை வைத்துத் தெளிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாளாம். ஒரு மாதிரித் தாளும் உள்ளே இருந்தது. செதில்கள் ஒழுங்கில்லாமல், எங்கள் முதல் முயற்சிபோல இருந்தன. கீழே “அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா” என்று ஒரு வரி. அவள் சொன்னாளா, பிள்ளையாக எழுதினாளா, தெரியாது. நான் பதில் எழுதினேன். மன்னிப்பு மட்டும் எழுதவில்லை. நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

திரும்பச் சண்டை வந்தது. இருந்த இடத்திலிருந்து வேறு இடம், அங்கிருந்து இன்னொரு இடம் என்று மூன்று முகவரிகள் மாறின. பிறகு கடிதம் நின்றது. அந்த இரண்டு வருஷம் நான் வானொலி கேட்காமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. கேட்டுவிட்டுச் சாப்பிட்டதும் குறைவு.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுத்து பிள்ளையுடையது இல்லை என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்தது. வவுனியாப் பக்கம் ஒரு முகாமிலிருந்து அவள் அம்மா எழுதியிருந்தாள். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பிள்ளை சித்திரையில் போய்விட்டாள். நடந்து வரும் வழியில் ஷெல் விழுந்தது. வழியிலேயே புதைத்தார்கள். எந்த இடம் என்று இப்போது கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கடைசியாக, “கை வைச்சுப் பழுதாப்போன கடதாசிகள் உங்கட கடையில கிடந்தது. ஒண்டு இருந்தாலும் அனுப்புங்கோ அக்கா.”

நானும் என் வீட்டுக்காரரும் கடையைத் தலைகீழாகப் புரட்டினோம். அந்தத் தாள்களை அவர் இத்தனை வருஷத்தில் பொட்டலம் கட்டவும் அலமாரித் தட்டுகளில் விரிக்கவும் எடுத்திருந்தார். “எனக்குத் தெரியாம போச்சே, எனக்குத் தெரியாம போச்சே” என்று ஒவ்வொரு தட்டாக உருவிப் பார்த்தார். ரிப்பன் தட்டுக்கு அடியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒன்பது வயதுக் கையாக இருக்கும். சுண்டுவிரல் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. தூசியைத் துடைத்துச் சன்னலோரம் பிடித்தேன். அப்பிரகம் அப்படியே இருந்தது.

மூன்று நாள் அதை நான் அனுப்பவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளையின் கடிதங்களை விட்டால், எனக்கும் அவளுடையது என்று வேறெதுவும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்து அதை அனுப்பிவிட்டு இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். எடுத்தும் பார்த்தேன். அந்த இயந்திரத்துக்கு மினுமினுப்பு பிடிபடவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக, கை எது, தாள் எது என்றே தெரியாமல் வந்தது. நாலாம் நாள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே மூலத்தை வைத்துக் கட்டி, தபாலில் சேர்த்தேன். சாம்பல் நிறப் படி என்னிடம் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு நண்பகல் கடைத் தொலைபேசி அடித்தது.

“அக்கா.”

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

“கை வந்து சேந்திட்டுது அக்கா” என்றாள். பிறகு, “அண்டைக்கு நீங்கள் கேட்ட மாதிரி விட்டிட்டு வந்திருக்கலாம்” என்றாள்.

இந்தச் சொல்லுக்குத்தான் அத்தனை மாதமாக நான் பயந்துகொண்டிருந்தேன். அதை நானும் ஆயிரம் தடவை நினைத்திருந்தேன்.

“இல்ல ஆத்தா” என்றேன். “நான் கேட்டேன்ல, அவகிட்டயே கேட்டேன். அம்மாவத் தனியா விடமாட்டேன்னு அவதான் சொன்னா. நீ கூப்புட்டுப் போகல. அவளா வந்தா.”

“அப்பிடியோ சொன்னவ?”

“பாவம்ல அம்மான்னு சொன்னா.”

மறுமுனையில் அழுகை கேட்டது. நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, பின்னால் வரிசையில் நிற்கிற யாரோ அவசரப்படுத்துவது கேட்டது. “பிறகு எடுக்கிறன் அக்கா” என்று வைத்துவிட்டாள்.

நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் வாசலில் நின்ற ஆளிடம், “இன்னிக்குக் கடை இல்லப்பா, நாளைக்கு வா” என்று சொல்லி, பாதிக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.